அகதியாக்கப்பட்டவர் அமைத்த ஆய்வுகூடம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரின் தென்னெல்லையில், பெரிய மருத்துவமனை ஒன்றின் அயலில், உயிரியல் ஆய்வுகூடம் ஒன்று அமைந்துள்ளது. மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் என்பது அதன் பெயர். பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் நிதியில் இயங்கும் இந்நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் பெற்ற நோபல் பரிசுகள் பத்தையும் தாண்டிவிட்டன. உயிர்களின் பரம்பரைத் தகவலைத் தாங்கும் டி.என்.ஏ.யின் வடிவம் முதல், இன்று புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்திற்கும் வழங்கப்படும் மருந்துகள் சிலவற்றின் அடிப்படை வரை, இதன் கூடங்களிலும் இதன் முன்னோடி ஆய்வுக் குழுவிலும் பிறந்த அறிவு உலகெங்கும் பரந்துள்ளது.

இத்தகைய பெருமைகளைப் பட்டியலிடுவது எமது நோக்கமன்று. இந்நிறுவனத்தை நிறுவிக் கட்டியெழுப்பியவர் ஓர் அகதி. தாய்நாடு அவரைத் தள்ளிவைத்தது. தஞ்சமளித்த நாடு அவரை 'எதிரி' எனக் கூறித் தடுப்பு முகாமில் அடைத்தது. அதே நாட்டில் அவர் எழுப்பிய ஆய்வுகூடம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. புலம்பெயர்ந்த மண்ணில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் எமது குடும்பங்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நன்று என்று நாம் எண்ணுகின்றோம்.

வியன்னாவில் இருந்து கேம்பிரிட்ஜ் வரை

மக்ஸ் பெரூட்ஸ் 1914ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் பிறந்தார். அவரது குடும்பம் துணி ஆலைகளை நடத்திய வசதி படைத்த குடும்பம். யூத வம்சாவளியினராயினும் அவர் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றவர். மகன் சட்டம் பயின்று குடும்பத் தொழிலைப் பொறுப்பேற்க வேண்டுமென்று பெற்றோர் விரும்பினர். பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஊட்டிய ஆர்வத்தினால் மகனின் மனமோ இரசாயனவியலை நாடியது. பெற்றோர் ஈற்றில் இணங்கினர். அவர் 1932இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் இரசாயன மாணவரானார்.

1936இல், தந்தையார் கொடுத்த ஐந்நூறு பவுண் பணத்துடன், மேற்படிப்பிற்காகக் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். அங்கு கவென்டிஷ் பௌதிக ஆய்வுகூடத்தில் ஜோன் டெஸ்மன்ட் பேர்னல் என்ற அறிஞர், எக்ஸ் கதிர்களைப் பளிங்குகளினூடே செலுத்தி அவற்றின் உள்ளமைப்பை அறியும் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார். உப்பு போன்ற எளிய பொருட்களில் வெற்றி கண்ட இம்முறையை, உயிர்களின் உடலிலுள்ள புரதங்களுக்கும் பயன்படுத்தலாம் என்பது அவரது நம்பிக்கை. அக்காலத்தில் பலரும் அதனை வீண் முயற்சி என்றே கருதினர்.

இளைஞரான பெரூட்ஸ் தெரிந்தெடுத்த பொருள் ஈமோகுளோபின். எமது குருதிக்குச் செந்நிறம் கொடுப்பதும், நுரையீரலில் இருந்து ஒட்சிசனை ஏற்றிச்சென்று உடலின் ஒவ்வோர் இழையத்திற்கும் வழங்குவதும் இந்தப் புரதமே. 1937இல் குதிரையின் ஈமோகுளோபின் பளிங்குகளைப் பெற்று அவர் ஆய்வைத் தொடங்கினார். அதன் வடிவம் அவருக்கு முதன்முதலில் புலப்பட்டது 1959இல். இடைப்பட்ட காலம் இருபத்திரண்டு ஆண்டுகள்.

ஒரே நாளில் அகதி

1938 மார்ச் மாதத்தில் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவினுள் நுழைந்தன. நாடு யேர்மனியுடன் இணைக்கப்பட்டது. பெரூட்ஸ் குடும்பத்தின் தொழிலும் சொத்துக்களும் பறிபோயின. பெற்றோர் நாட்டை விட்டுத் தப்பியோடினர். படிக்க வந்த மாணவர், திரும்பிச் செல்ல நாடில்லாதவரானார். வீட்டில் இருந்து வரும் பணமும் நின்றது. 'படிக்கச் சென்றவன்' என்ற நிலையில் இருந்து 'அகதி' என்ற நிலைக்கு ஒரு தந்தியின் நேரத்தில் மாறுவது எத்தகையது என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அவ்வாண்டு கவென்டிஷ் ஆய்வுகூடத்தின் தலைமைப் பேராசிரியராக வந்தவர் லோரன்ஸ் பிராக். எக்ஸ் கதிர்ப் பளிங்கியலைத் தந்தையுடன் சேர்ந்து உருவாக்கி, இருபத்தைந்தாவது வயதிலேயே, 1915இல், நோபல் பரிசு பெற்றவர் அவர். பெரூட்ஸ் காட்டிய ஈமோகுளோபின் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கண்டதும் அதன் எதிர்காலத்தை அவர் உணர்ந்துகொண்டார். அமெரிக்காவின் றொக்ஃபெலர் மன்றத்திற்கு எழுதி நிதி பெற்று, 1939 ஜனவரி முதலாம் திகதி முதல் பெரூட்ஸைத் தமது ஆராய்ச்சி உதவியாளராக நியமித்தார். அந்த வேலையின் பயனாக அவ்வாண்டிலேயே பெற்றோரை இங்கிலாந்திற்கு அழைத்துக்கொள்ளவும் பெரூட்ஸுக்கு இயன்றது.

இங்கு ஓர் உண்மையை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அந்நாட்களில் ஐரோப்பாவில் தஞ்சம் தேடி அலைந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசியும், பெரும்பாலான நாடுகள் கதவைத் திறக்க மறுத்தன. பெரூட்ஸுக்குக் கதவு திறந்ததற்கு அவரது திறமை மட்டும் காரணமன்று. அத்திறமையைக் கண்டு கடிதம் எழுதக்கூடிய ஒருவர் அருகில் இருந்ததும் காரணமாகும். 1933இலேயே பிரித்தானியக் கல்விமான்கள் சிலர், நாசிகளால் பதவி பறிக்கப்பட்ட அறிஞர்களுக்கு உதவவென ஓர் உதவி மன்றத்தை நிறுவியிருந்தனர். பௌதிகவியலாளர் ரதபோர்ட் அதன் தலைவராக விளங்கினார். 'காரா' என்ற பெயரில் அது இன்றும் இயங்கி, போரினாலும் அடக்குமுறையினாலும் ஆபத்திற்குள்ளான கல்விமான்களுக்கு உதவி வருகின்றது.

முள்வேலிக்குள் ஒரு பல்கலைக்கழகம்

1940 மே மாதத்தில், யேர்மனியப் படைகள் பிரான்சினுள் முன்னேறிய வேளையில், பிரித்தானியாவில் வாழ்ந்த யேர்மனிய, ஒஸ்திரியப் பிரசைகள் 'எதிரி நாட்டவர்' எனக் கைதுசெய்யப்பட்டனர். ஹிட்லருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். கலாநிதிப் பட்டத்திற்கான ஆய்வை நிறைவு செய்திருந்த பெரூட்ஸும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய தந்தையாரும் தடுத்துவைக்கப்பட்டார்.

பல முகாம்களுக்கு மாற்றப்பட்ட பின்னர், அக்கோடையில் பெரூட்ஸ் கப்பலேற்றப்பட்டுக் கனடாவின் கியூபெக் நகரிலுள்ள முகாமுக்கு அனுப்பப்பட்டார். பின்பு ஷேர்புறூக் என்னும் இடத்திற்கு மாற்றப்பட்டார். கியூபெக் மாகாணத்தில் இன்று வாழும் எமது உறவுகள் பலர் இவ்வூர்ப் பெயரை அறிவர். முதுகில் சிவப்பு வட்டம் பொறித்த உடைகளுடன், முள்வேலிக்குள் அவர்கள் அடைபட்டிருந்தனர்.

அம்முகாமில் இளம் அறிஞர்கள் பலர் இருந்தனர். அவர்கள் சோர்ந்துவிடாமல் தமக்குள் ஒரு முகாம் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தினர். பிற்காலத்தில் புகழ்பெற்ற கணித அறிஞரான ஹேர்மன் பொண்டி கணிதம் கற்பித்தார். கிளவுஸ் ஃபுக்ஸ் பௌதிகவியல் கற்பித்தார். இவரே பின்னாளில் அணுகுண்டு இரகசியங்களைச் சோவியத் நாட்டிற்கு வழங்கியதற்காகத் தண்டனை பெற்றவர். பெரூட்ஸ் தமது பளிங்கியலைக் கற்பித்தார். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, நூலகம் இல்லை. ஆயினும் கற்றவர் கற்பித்தனர்; கல்லாதவர் கேட்டனர்.

கேம்பிரிட்ஜில் இருந்த சகாக்களின் முயற்சியினால் 1941 ஜனவரியில் பெரூட்ஸ் விடுதலையாகி இங்கிலாந்து திரும்பினார். ஓராண்டு கழிந்ததும் விசித்திரம் ஒன்று நிகழ்ந்தது. பனிக்கட்டியினால் மாபெரும் விமானந்தாங்கிக் கப்பலொன்றைக் கட்டும் இரகசியத் திட்டத்திற்கு அதே அரசு அவரது உதவியை நாடிற்று. 1938இல் சுவிற்சர்லாந்தின் பனியாறுகளை ஆராய்ந்த அனுபவம் அவருக்கு இருந்தமையே காரணம். லண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் அடியிலிருந்த குளிர் அறையில், மரக்கூழ் கலந்த பனிக்கட்டியின் உறுதியை அவர் பரிசோதித்தார். கப்பல் கட்டப்படவில்லை. ஆனால் அத்திட்டத்திற்காக அமெரிக்கா செல்ல வேண்டியிருந்ததால், 1943இல் அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை அவசரமாக வழங்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் 'எதிரி' எனப்பட்டவர் பிரித்தானியப் பிரசையானார்.

இருவருடன் தொடங்கிய நிறுவனம்

போர் முடிந்தது. பெரூட்ஸுக்கு நிரந்தரப் பதவி எதுவும் இல்லை. பௌதிகவியலாளர் அவரை இரசாயனவியலாளர் என்றனர். இரசாயனவியலாளரோ அவர் செய்வது உயிரியல் என்றனர். பௌதிக ஆய்வுகூடத்தில் புரதங்களைப் பிரித்தெடுக்கும் வசதி கிடையாது. எனவே மொல்ற்றெனோ நிறுவனத்தின் தலைவர் டேவிட் கெயிலின் தமது ஆய்வுகூடத்தில் அவருக்கு ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தார். அங்கு பளிங்கு வளர்ப்பதும், கவென்டிஷில் எக்ஸ் கதிர்ப் படமெடுப்பதுமாக இரு கட்டடங்களுக்கும் இடையே பெரூட்ஸ் துவிச்சக்கர வண்டியில் ஓடிக்கொண்டிருந்தார்.

இந்நிலைக்கு முடிவு காணும் யோசனையைக் கெயிலினே கூறினார். மருத்துவ ஆராய்ச்சிச் சபையிடம் உதவி கேட்குமாறு அவர் சொல்ல, பிராக் சென்று அச்சபையின் செயலாளர் எட்வர்ட் மெலன்பியிடம் பேசினார். இவ்வாய்வினால் எந்த நோய் குணமாகும் என்று உறுதி கூற எவராலும் இயலவில்லை. ஆயினும் சபை ஏற்றுக்கொண்டது. 1947இல் உயிரியல் தொகுதிகளின் மூலக்கூற்று அமைப்பை ஆராயும் சிறு அலகு ஒன்று உருவாயிற்று. பெரூட்ஸும் ஜோன் கென்ட்ரூவும் என அதில் இருந்த விஞ்ஞானிகள் இருவரே. பின்னாளில் உலகறிந்த ஆய்வுகூடத்தின் வித்து இதுவாகும்.

வித்து உடனே முளைவிடவில்லை. தடை எங்கே இருந்தது என்பதைச் சற்று விளக்குவோம். பளிங்கினூடே செல்லும் எக்ஸ் கதிர்கள் படத்தாளில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பதியும். ஒவ்வொரு புள்ளியின் செறிவையும் அளக்கலாம். அந்தக் கதிர்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முந்தியோ பிந்தியோ வந்தன என்பதை மட்டும் படம் காட்டாது. அதனை அறியாமல் உருவத்தை மீட்க இயலாது. முற்றத்தில் இட்ட கோலத்தில் புள்ளிகள் எஞ்சியிருக்க, இழைகள் அழிந்துபோனால் கோலத்தை எவ்வாறு மீட்பது? பெரூட்ஸின் நிலை அதுவாகவே இருந்தது.

அவர் முன்வைத்த முதல் மாதிரி தவறானது. 1949இல் அலகில் சேர்ந்த பிரான்சிஸ் கிறிக் என்ற மாணவரே, கருத்தரங்கு ஒன்றில் எழுந்து, தலைவரின் மாதிரி பொருந்தாதென எடுத்துக்காட்டினார். பெரூட்ஸ் அம்மாணவரை வெளியேற்றவில்லை; அடுத்த வழியைத் தேடலானார். 1951இல், பிராக்கும் பெரூட்ஸும் கென்ட்ரூவும் தேடித் தவறவிட்ட புரதச் சுருள் வடிவத்தை, அமெரிக்காவிலிருந்த லைனஸ் போலிங் கண்டறிந்து வெளியிட்டார். அக்கட்டுரையை வாசித்த அன்றே பெரூட்ஸ் ஆய்வுகூடத்திற்கு விரைந்து, ஒரு குதிரை மயிரை எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தார். போலிங் கூறிய சுருளுக்குரிய அடையாளம் அதிலே தெரிந்தது. போட்டியாளர் கூறியதே சரி என்பதற்குத் தாமே சான்று வழங்கினார்.

1953இல் வழி திறந்தது. ஈமோகுளோபின் மூலக்கூறில் பாரமான இரச அணுக்களை இணைத்துப் படமெடுத்தால் புள்ளிகளின் செறிவு மாறுவதையும், அம்மாற்றத்தில் இருந்து மறைந்த தகவலைக் கணக்கிடலாம் என்பதையும் பெரூட்ஸ் கண்டார். அதே ஆண்டில், அதே அலகில், கிறிக்கும் அமெரிக்காவில் இருந்து வந்த ஜேம்ஸ் வற்சனும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் றொசலின்ட் ஃபிராங்ளின் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களும் அளவீடுகளும் அதற்கு இன்றியமையாதவையாக இருந்தன என்பதை இங்கு குறிப்பிடுதல் நேர்மையாகும்.

நாசிகளின் கொடுமையினால் சிறுவயதிலேயே யேர்மனியை விட்டு வந்த வேர்னன் இங்ராம் என்பவரும் இவ்வலகில் பணியாற்றினார். அரிவாளுருச் செங்கல நோயாளரின் ஈமோகுளோபினில், ஒரு சங்கிலியின் ஆறாம் இடத்தில், குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வலீன் என்னும் அமினோவமிலம் இருப்பதை 1957இல் அவர் நிறுவினார். பரம்பரையலகில் நேரும் மாற்றம், புரதத்தில் ஓரேயொரு அலகை மாற்றி நோயை உண்டாக்கும் என்பது அன்றுதான் தெளிவாயிற்று. எமது பிராந்தியத்திலும் காணப்படும் தலசீமியா உட்பட, குருதியின் பரம்பரை நோய்களை இன்று மருத்துவர்கள் விளங்கிக்கொள்ளும் முறை இவ்வகை ஆய்வுகளில் இருந்தே வளர்ந்தது.

கொட்டிலில் இருந்து கட்டடத்திற்கு

அலகு வளர்ந்தது, இடம் வளரவில்லை. பிராக் 1954இல் லண்டனுக்கு மாறிச் சென்றார். பௌதிக ஆய்வுகூடத்திற்குத் தனது தேவைகள் இருந்தன. உயிரியல் ஆய்வாளர்கள் இங்கும் அங்குமாகச் சிதறினர். சிலருக்குக் கட்டடத்தின் புறத்தே இருந்த தற்காலிகக் கொட்டில் ஒன்றே ஆய்வுகூடமாயிற்று. 'கொட்டில்' என்றே அது அழைக்கப்பட்டது. தென்னாபிரிக்காவில் இருந்து வந்த சிட்னி பிரெனரும் கிறிக்கும் பரம்பரைத் தகவலின் மொழியைப் பற்றி விவாதித்த இடங்களுள் அதுவும் ஒன்று.

இவ்வாறு இடம் கேட்டுத் திரிவதை விட, தனியொரு ஆய்வுகூடம் கட்டித்தருமாறு மருத்துவ ஆராய்ச்சிச் சபையிடம் கேட்பதென்று 1950களின் பிற்பகுதியில் பெரூட்ஸ் முடிவு செய்தார். இன்சுலினின் அமினோவமில ஒழுங்கைக் கண்டறிந்து 1958இல் நோபல் பரிசு பெற்ற பிரெட்றிக் சாங்கரும் அத்திட்டத்தில் இணைந்தார். சபை இணங்கியது. நகரின் நடுவே இடம் கிடைக்கவில்லை. தெற்கே, புதிதாக எழவிருந்த அடன்புறூக்ஸ் மருத்துவமனையின் நிலத்தில் இடம் கிடைத்தது. 1962 மே மாதத்தில் எலிசபெத் மகாராணியார் புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார். அதே ஆண்டின் இறுதியில் பெரூட்ஸுக்கும் கென்ட்ரூவுக்கும் இரசாயனத்திற்கான நோபல் பரிசும், கிறிக், வற்சன் ஆகியோருக்கும் கிங்ஸ் கல்லூரியின் மொறிஸ் வில்கின்ஸுக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசும் கிடைத்தன.

கட்டடத்தைக் கட்டுவது ஒன்று; நிறுவனத்தைக் கட்டுவது இன்னொன்று. பெரூட்ஸ் இரண்டாவதையே நுணுக்கமாகச் செய்தார் என்று நாம் கருதுகின்றோம். அவர் பணிப்பாளர் என்ற பதவியை ஏற்கவில்லை. பிரிவுத் தலைவர்கள் அடங்கிய சபைக்குத் தலைவராக மட்டும் இருப்பேன் என்றார். அதனால் அவருக்கு நிர்வாகச் சுமை குறைந்தது. நாள்தோறும் தமது கையாலேயே பரிசோதனை செய்தார். விலையுயர்ந்த கருவிகள் தனியொருவரின் சொத்தாக அன்றிப் பொதுவில் இருந்தன. கருவிகளைத் தாமே செய்துகொள்வதற்குச் சிறந்த பட்டறையும் இருந்தது.

கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் உணவுச்சாலை அமைந்தது. பெரூட்ஸின் துணைவியார் கிசெலா இருபதாண்டுகளுக்கும் மேலாக அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். யேர்மனியில் இருந்து வந்த அவரும் ஓர் அகதியே. காலைக் கோப்பிக்கும் மதிய உணவுக்கும் பிற்பகல் தேநீருக்கும் நோபல் பரிசு பெற்றவரும் முதலாம் ஆண்டு மாணவரும் ஒரே மேசையில் அமர்வர். ஒருவர் சிக்கிக்கொண்ட கேள்விக்கு மற்றொருவரிடம் விடை இருக்கும். பெரூட்ஸ் இந்த உணவுச்சாலையை ஆய்வுகூடத்தின் முக்கிய உறுப்பாகவே கருதினார்.

வந்து சேர்ந்தவர்கள்

இவ்வாய்வுகூடத்தை வளர்த்தவர்களின் பிறப்பிடங்களைப் பார்ப்பின் வியப்பு மேலிடுகின்றது. ஆரன் குளூக் லித்துவேனியாவிற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் தென்னாபிரிக்கா சென்றவர். 1982இல் நோபல் பரிசு பெற்றார். 2002இல் அப்பரிசைப் பெற்ற சிட்னி பிரெனர், தென்னாபிரிக்காவிற் குடியேறிய சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன். சீசர் மில்ஸ்ரைன் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்தவர். 1962ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பின், சகாக்கள் பதவி நீக்கப்பட்டதைக் கண்டு வெளியேறி, 1963இல் கேம்பிரிட்ஜ் வந்தார்.

மில்ஸ்ரைனும் ஜோர்ஜஸ் கோலரும் 1975இல் செய்த கண்டுபிடிப்பு மருத்துவத்தையே மாற்றியது. குறித்த ஒரு பொருளை மட்டும் இனங்கண்டு பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை, ஒரே வகையாக, வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழி அதுவாகும். 1984இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் அக்கண்டுபிடிப்புக்கு உரிமைப் பதிவு செய்யப்படவில்லை. பெரும் பொருள் கைநழுவிற்று. பின்னர் அதே ஆய்வுகூடத்தில் கிறெக் வின்ரர் இப்பிறபொருளெதிரிகளை மனித உடலுக்கு ஏற்றவையாக மாற்றியபோது உரிமை பதிவாயிற்று. அவருக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. 2013 மே மாதத்தில் மகாராணியார் மீண்டும் வந்து திறந்துவைத்த, 21 கோடி பவுணுக்கும் மேற்பட்ட செலவில் எழுந்த புதிய கட்டடத்திற்கு, இத்தகைய உரிமைகளில் இருந்து வந்த பணமும் உதவிற்று. 1947இல் எந்த நோய் குணமாகும் என்று கூற முடியாதிருந்த ஆய்வு, ஈற்றில் நோயாளிக்கு மருந்தும் தனக்குக் கூரையும் தேடிக்கொண்டது.

எமக்கு அண்மையானவர் ஒருவரும் இவ்வரிசையில் உள்ளார். 1952இல் தில்லை நகராம் சிதம்பரத்திற் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், மூன்று வயதில் பெற்றோருடன் குஜராத்தின் வடோதராவுக்குச் சென்று அங்கு கல்வி கற்றவர். அமெரிக்காவிற் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர், அத்துறை தமக்குரியதன்று என உணர்ந்து, மீண்டும் மாணவராகி உயிரியல் கற்றார். சுமார் ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியப் பதவி கிடைக்காத காலமும் அவருக்கு இருந்தது. 1999இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் இணைந்து, உடலில் புரதங்களை ஆக்கும் றைபோசோம் என்னும் நுண்ணுறுப்பின் அமைப்பை ஆராய்ந்தார். 2009இல் இரசாயனத்திற்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். 2015 முதல் 2020 வரை பிரித்தானியாவின் றோயல் சொசைற்றிக்குத் தலைவராகவும் விளங்கினார்.

நாம் சிந்திக்க வேண்டியவை

இவ்வரலாற்றைக் கூறி, 'அகதிகள் அனைவரும் மேதைகளாகலாம்' என்று எமது வாசகர்களுக்கு முகத்துதி செய்ய நாம் விரும்பவில்லை. பெரூட்ஸிடம் கல்வி இருந்தது. கைச்செலவுக்குத் தந்தையின் பணம் இருந்தது. பிராக், கெயிலின் போன்றோரின் ஆதரவு இருந்தது. தொழிற்சாலையில் இரவு வேலையும், உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையும் செய்து குடும்பத்தைக் காக்கும் எமது பெற்றோர் பலருக்கு இவற்றுள் ஒன்றேனும் வாய்க்கவில்லை. மேலும், ஓர் அகதி மதிக்கப்படுவதற்கு நோபல் பரிசு பெற்றிருக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. ஷேர்புறூக் முகாமில் பெரூட்ஸுடன் அடைபட்டிருந்தவர்களுள் பெரும்பாலானோரின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. அவர்களும் பாதுகாப்புப் பெற உரிமையுடையோரே.

ஆயினும் இரு விடயங்கள் எமது வீடுகளுக்கு உரியவை. பெரூட்ஸின் பெற்றோர் சட்டம் படி என்றனர். மகன் மறுத்தபோது வழிவிட்டனர். ஹிட்லர் வந்தபோது ஆலைகள் பறிபோயின. வியன்னாவிற் பெற்ற சட்டப் பட்டமும் இங்கிலாந்தில் எடுபட்டிராது. மகன் விரும்பிக் கற்ற அறிவே அவர்களுக்குப் பயணச்சீட்டாகவும் புகலிடமாகவும் ஆயிற்று. எமது பிள்ளை மருத்துவமோ பொறியியலோ கணக்கியலோ படித்தால்தான் காலூன்றலாம் என்று நாம் எண்ணுவது இயல்பே. யாவற்றையும் இழந்தவர்களுக்கு அந்த அச்சம் இருக்கும். ஆனால், புழுவையும் பூஞ்சணத்தையும் பற்றிப் படிக்க ஆசைப்படும் பிள்ளையை நோக்கி 'அதனால் என்ன வருமானம்' என்று கேட்குமுன், சற்று நிதானித்தல் நன்று. பிரெனர் 1963இல் ஒரு மில்லிமீற்றர் நீளமான மண் புழு ஒன்றையே ஆய்வுப் பொருளாகத் தெரிந்தெடுத்தார்; அவருக்கும் சகாக்கள் இருவருக்கும் 2002ஆம் ஆண்டின் பரிசைத் தந்தது அப்புழுவே.

மற்றையது, நிறுவனங்களைக் கட்டும் முறை பற்றியது. புலம்பெயர்ந்த நாடுகளில் நாமும் தமிழ்ப் பாடசாலைகளையும் நூலகங்களையும் முதியோர் சங்கங்களையும் ஆரம்பிக்கின்றோம். பல, தலைவர் பதவிக்கான போட்டியிலேயே உடைந்துபோகின்றன. இருவராகத் தொடங்கி, பெரும் பதவியை மறுத்து, தம்மைத் திருத்திய மாணவரை அருகிலேயே வைத்துக்கொண்டு, கருவியையும் தேநீரையும் பொதுவாக்கி, பதினேழு ஆண்டுகள் தலைமை தாங்கிய ஒருவரிடம் எமது சங்கங்கள் கற்கத்தக்கது உண்டு. 1979இல் பெரூட்ஸ் ஓய்வு பெற்றார். ஆனால் 2002 பெப்ரவரி 6ஆம் திகதி, 87ஆவது வயதிற் காலமாகும் ஆண்டு வரை அதே ஆய்வுகூடத்தில் ஓர் ஆய்வாளராக வேலை செய்துகொண்டேயிருந்தார். அவர் தலைமையை விட்டு நீங்கிய பின்னரும் அங்கு பரிசுகள் பிறந்தன. புதிய கட்டடம் எழுந்தது. உலகின் பல திசைகளில் இருந்தும் இளையோர் இன்னும் அங்கு வந்து சேர்கின்றனர்.